வீட்டோடு ஒரு கடற்கரைப் பயணம்

பயணம் புறப்படுகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு புறப்படுவது உலக வழக்கம். சென்ற டிசம்பர் மாதத்தில் நாங்கள் ஐந்து பேர் அவ்வழக்கத்தினின்றும் சற்று விலகினோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிவறை ஆகிய யாவும் அடங்கிய ஒரு வீட்டில் ஏறி அமர்ந்து, அந்த வீட்டோடு மேலைக் கடற்கரை ஓரமாக ஆறு நாள் போய் வந்தோம். அந்த அநுபவத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணி புரிகிறவன். புதிய பொருள் எதைக் கண்டாலும், அதன் விலை என்ன என்று பிறர் கேட்கும்போது, அதற்குத் தமிழில் பெயர் என்ன என்று என் மனம் கேட்கும். இந்த வண்டியை எல்லோரும் ‘காரவான்’ என்கிறார்கள். அது பாரசீக மொழியில் தோன்றிய சொல். வழிப்பறிக்கு அஞ்சிக் கூட்டமாகச் சென்ற வணிகர் குழுவைக் குறித்தது. அத்தகைய குழுவுக்குப் பழந்தமிழில் ‘சாத்து’ என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனுடைய தந்தையின் பெயராகிய மாசாத்துவான் என்பதிலே அச்சொல் இன்றும் வாழ்கிறது. இவ்வளவையும் நான் வீட்டில் விரிவாக எடுத்துரைத்தேன். பன்னிரண்டு வயது நிரம்பிய என் மகள் பொறுமையோடு கேட்டுவிட்டு, “வீட்டு வண்டி என்று சொன்னால் போதாதா, அப்பா?” என்றாள். அந்தப் பெயரே நிலைத்தது.

இன்பப் பயணத்துக்கென்று வீட்டு வண்டி செய்துகொண்டவர்களுள் முன்னோடியாகக் கருதப்படுகிறவர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். கடற்படையில் மருத்துவராக இருந்தவர். சிறுவர்களுக்குக் கதை எழுதியவர். 1885-ஆம் ஆண்டில் குதிரைகள் இழுக்கும் வண்டி ஒன்றை அவர் செய்வித்து, அதற்கு ‘நாடோடி’ என்று பொருள்படும் பெயர் இட்டு, இங்கிலாந்தின் தென்பகுதியிலிருந்து ஸ்காட்லாந்து வரை சென்றார். பின்னர் மோட்டார் வந்தது, குதிரை போயிற்று, வீடு நின்றது. நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டில் கேரள அரசும் மகாராஷ்டிர அரசும் இத்தகைய வண்டிகளையும் அவை தங்குவதற்குரிய இடங்களையும் வளர்ப்பதற்கான திட்டங்களை வகுத்தன. பெங்களூரிலும் இவை இன்று வாடகைக்குக் கிடைக்கின்றன.

வாடகையோ சிறிய தொகை அன்று. மாதச் சம்பளக்காரன் ஒருவன் அவ்வளவு பணத்தை ஆறு நாளில் செலவிடுவதற்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணம் என் தாயார்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. நாகப்பட்டினத்துக்கு அருகே கடலோரச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, அந்தப் பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்டு, அப்பா மறைந்த பிறகு எங்களோடு பெங்களூருக்கு வந்தவள். பிள்ளைகள் ஒரு நாள் மேலைக் கடற்கரையின் படம் ஒன்றைக் காட்டியபோது, அவள் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கள் ஊரில் சூரியன் கடலிலிருந்து ஏறும். ஏறுவதையே பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. அது கடலுக்குள் இறங்குவதை ஒரு தரம் பார்க்க வேண்டும்” என்றாள். தனக்கென்று ஒன்றைக் கேட்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆகவே அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது.

இரண்டு முறை பயணத்துக்கு ஏற்பாடு செய்தேன். இரண்டு முறையும், நாள் நெருங்கியதும், “நீங்கள் போய் வாருங்கள். நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று அம்மா பின்வாங்கிவிட்டாள். முழங்கால் வலியே காரணம் என்று நான் எண்ணினேன். என் மனைவிதான் ஓர் இரவு உண்மையைச் சொன்னாள். “பயணம் என்றால் அத்தை முதல் நாள் மாலையோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் இதுவரை கவனித்ததே இல்லையா?”

நான் கவனித்ததில்லை. பள்ளிப் பருவத்தில் அம்மாவோடு பேருந்தில் சென்னைக்குப் போனது நினைவுக்கு வந்தது. வழியில் நிறுத்திய இடங்களில் எல்லாம் ஆடவர்கள் இறங்கி இருளில் ஒதுங்கிவிட்டு வந்து ஏறினார்கள். அம்மா இருக்கையை விட்டு அசையவில்லை. கையிலிருந்த கூஜாவை என்னிடம் நீட்டி, “நீ குடி, எனக்குத் தாகம் இல்லை” என்றாள். பிற்காலத்தில் அவளோடு எத்தனையோ பயணங்கள் போனேன். ஒவ்வொரு பயணத்திலும் அவளுக்குத் தாகம் இருந்ததில்லை. எழுத்துக்கு எழுத்து பொருள் தேடுவதைத் தொழிலாகக் கொண்ட நான், அந்த ஒரு வாக்கியத்தின் பொருளை நாற்பது வயதுக்குப் பிறகு இன்னொருவர் வாயிலாகத் தெரிந்துகொண்டேன்.

பெட்ரோல் நிலையங்களில் குடிநீரும் கழிவறையும் பொதுமக்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது விதி. விதி இருக்கும் இடத்தில் பூட்டும் இருப்பதுண்டு. பூட்டு இல்லாத இடத்தில், முழங்கால் மடங்காத மூதாட்டி ஒருத்தி உள்ளே போய் நலமாகத் திரும்பி வரக்கூடிய நிலை இருப்பது அரிது. எங்கள் வீட்டு வண்டியை நான் வாடகைக்கு எடுத்ததன் காரணம் இதுவே. அதன் பின்மூலையில், உட்கார்ந்து எழுவதற்கு வசதியான சின்னஞ்சிறு கழிவறை ஒன்று இருந்தது. கதவும் தாழ்ப்பாளும் இருந்தன.

டிசம்பரில் ஒரு நாள், விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். வண்டியோடு ஓட்டுநரும் வந்தார். அவர் தென்கன்னட மாவட்டத்துக்காரர். பல ஆண்டுகள் அந்த நெடுஞ்சாலையில் லாரி ஓட்டியவர். முதல் வேலையாக எங்களை உட்காரவைத்து ஒரு பாடம் நடத்தினார். தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. நாளுக்கு ஒரு முறைதான் நிரப்ப இயலும். கழுவிய நீர் வேறொரு தொட்டிக்குப் போகும். கழிவறைத் தொட்டி மூன்றாவது. அதைக் கண்ட இடத்தில் திறக்கக் கூடாது. தங்குமிடத்தில் முறையான கழிவுத் தொட்டி உள்ள இடத்தில் அவரே காலி செய்வார். விளக்கும் விசிறியும் மின்கலத்தால் இயங்கும். அதற்கும் அளவு உண்டு.

என் மகன் கணக்கில் ஆர்வம் உடையவன். நகரத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டில் வகுத்திருக்கும் அளவு. எங்களுக்கோ ஆளுக்கு 30 லிட்டர். அதிலே குளியல், சமையல், பாத்திரம், கழிவறை எல்லாம் அடங்க வேண்டும். அவன் ஒரு தாளில் கோடு போட்டு ஒட்டிவைத்தான். கிணற்றிலிருந்து நீர் சுமந்து வளர்ந்த அம்மாவுக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. ஒரு செம்புத் தண்ணீரில் முகம், கை, கால் மூன்றையும் அலம்பிக் காட்டினாள். குழாயைத் திறந்துவிட்டு யோசிக்கும் பழக்கமுள்ள நாங்கள்தாம் மாணவர்கள் ஆனோம்.

வண்டிக்குள் ஏறியதும் அம்மா தடவிப் பார்த்தது மெத்தையை. “எங்கள் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம் விரிப்பார்கள். இது அதைவிடக் கொஞ்சம் கெட்டி” என்று தீர்ப்புக் கூறினாள். ஆனால் தண்ணீர் குடிக்கவில்லை. சக்லேஷ்பூர் கடந்து, ஷிராடி மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கினோம். குளிர் போய்ப் புழுக்கம் வந்தது. காப்பித் தோட்டங்கள் மறைந்து பாக்குத் தோப்புகள் தோன்றின. என் மனைவி வைத்த தம்ளர் ததும்பாமல் அப்படியே இருந்தது. ஓட்டுநர் இதைக் கண்டிருக்க வேண்டும். “அஜ்ஜி, நீங்கள் சொன்ன இடத்தில் வண்டி நிற்கும். என்னைக் கேட்க வேண்டாம், மணியை அழுத்துங்கள்” என்று, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். அம்மா தலையை அசைத்தாள். மணி ஒலிக்கவில்லை.

இருட்டிய பின் உடுப்பிக்கு அருகிலுள்ள மல்பே கடற்கரையை அடைந்து, தென்னந்தோப்பு ஒன்றில் வாடகை கொடுத்து வண்டியை நிறுத்தினோம். மறுநாள் என் மனைவியும் பிள்ளைகளும் படகு ஏறி செயின்ட் மேரித் தீவுகளுக்குப் போனார்கள். பல பட்டைத் தூண்களாக எழுந்து நிற்கும் எரிமலைப் பாறைகள் அங்கே உள்ளன. ஏறக்குறைய எட்டுக் கோடியே எண்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றையொன்று பிரிந்த காலத்தில் அவை உண்டாயின என்று புவியியலார் கூறுவர். படகில் ஏறி இறங்க அம்மாவால் இயலாது. நானும் அவளும் வண்டியின் சாளரத்தருகே உட்கார்ந்து கடலைப் பார்த்தோம்.

முன்னதாகக் காலையில் கிருஷ்ணன் கோயிலுக்குப் போயிருந்தோம். அங்கே மேற்குச் சுவரில் ‘கனகன கிண்டி’ என்ற சிறு சாளரம் உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர் என்ற அடியார் கோயிலுக்குள் அனுமதிக்கப்படாமல் வெளியே நின்று பாடினார் என்றும், சுவர் வெடித்து, கண்ணன் அவர் பக்கமாகத் திரும்பி அந்த வழியே காட்சி தந்தான் என்றும் வரலாறு சொல்வார்கள். அம்மா அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் போலும். “உள்ளே விடாதவனுக்குத்தான் சாளரம் வேண்டியிருக்கிறது” என்றாள். அன்று மாலை மேகம் திரண்டு, சூரியனைக் கடலுக்கு மேலேயே மறைத்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வடக்கு நோக்கிச் சென்றோம். நாங்கள் சென்றது 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மும்பைக்கு அருகிலுள்ள பன்வேலில் தொடங்கி, கோவா, கர்நாடகம், கேரளம் கடந்து கன்னியாகுமரி வரை சுமார் 1600 கிலோமீட்டர் நீளும் சாலை அது. குந்தாப்பூரைக் கடந்ததும் மரவந்தே என்னும் ஊர் வருகிறது. அங்கே சாலைக்கு இடப்புறம் அரபிக் கடல். வலப்புறம் சௌபர்ணிகை ஆறு. நடுவே சாலை அகலமே நிலம். ஆறு கடலைத் தொடும் தூரத்துக்கு வந்தும், தொடாமல் திரும்பித் தெற்கே போய், வேறு ஆறுகளோடு சேர்ந்து பிறகு கடலில் கலக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அங்கே வண்டியை ஓரமாக நிறுத்தினோம்.

வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. அம்மா படியில் ஒரு தலையணை போட்டு அமர்ந்தாள். சூரியன் பெருத்து, சிவந்து, அடிப்பாகம் சற்றே தட்டையாகி, நீரைத் தொட்டது. பாதி மறைந்தது, ஒரு நகத் துண்டு போல் நின்றது, பின் அதுவும் இல்லை. பிள்ளைகள் கூடப் பேசவில்லை. சற்று நேரம் கழித்து அம்மா, “ஏறும்போது அவசரமாக ஏறும். இறங்கும்போது நிதானமாகத்தான் இறங்குகிறது” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “கொஞ்சம் தண்ணீர் கொடு” என்றாள். ஒரு சொம்பு முழுவதையும் அண்ணாந்து குடித்தாள். முருதேஸ்வரத்தை அடைவதற்குள் மணி இரண்டு முறை ஒலித்தது. ஓட்டுநர் இரண்டு முறையும் முகமலர்ச்சியோடு வண்டியை நிறுத்தினார்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது ஒரு மகன் தன் தாய்க்குச் செய்த சிறு கடமையின் கதையாகவே இருந்திருக்கும். நான்காம் நாள் நடந்ததுதான் என்னைச் சிந்திக்கவைத்தது.

ஹொன்னாவரத்தில் ஷராவதி ஆறு கடலில் கலப்பதைக் கண்டோம். ஜோக் நீர்வீழ்ச்சியாக விழுகின்ற அதே ஆறு அங்கே அகன்று, அமைதியாகப் போகிறது. கொங்கண் ரயில் அதன்மேல் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளமுள்ள பாலத்தில் செல்கிறது. அதைக் கடந்து சிறிது தூரம் சென்று, ஒரு பெட்ரோல் நிலையத்தில் டீசல் நிரப்ப நின்றோம். யாத்திரிகர் பேருந்து ஒன்று அங்கே வந்து நின்றது. ஆடவர்கள் சாலையைக் கடந்து புதர்ப் பக்கம் போனார்கள். பெண்கள் கழிவறையை நோக்கிப் போய்த் திரும்பினார்கள். அதன் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி வைத்திருப்பவர் இல்லை என்று பதில் கிடைத்தது. அவர்களுள் என் தாயாரின் வயதுடைய ஒருத்தி, பேருந்தின் நிழலில் இடுப்பில் கை ஊன்றி, ஒன்றும் பேசாமல் நின்றாள்.

அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். வண்டியின் படியில் இறங்கி நின்று, கையசைத்து அவளைக் கூப்பிட்டாள். அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. அவளுக்குத் தமிழ் தெரியாது. அதற்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை. அவள் உள்ளே போய்வந்து, அம்மாவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண். மொத்தம் பதினொரு பேர்.

மெய்யைச் சொல்லிவிடுகிறேன். நான்காவது பெண் ஏறியபோது என் மனம் தொட்டியைக் கணக்கிட்டது. என் மகன் முள்ளைப் பார்த்துவிட்டு, “அப்பா, தண்ணீர் தீரப்போகிறது” என்று என் காதில் சொன்னான். நான் ஓட்டுநரைப் பார்த்தேன். வாடகை வண்டி, வேண்டாம் என்று அவர் சொன்னால் எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். அவர் சொல்லவில்லை. “நான் லாரி ஓட்டிய நாளில், என் மனைவி ஒரே ஒரு முறை கூட வந்தாள். அதன்பின் வரவே இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு, டீசல் கணக்கைப் பார்க்கப் போனார். அன்றிரவு கோகர்ணத்தில் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கடையில் வாங்கிய பன்னும் வாழைப்பழமும் உண்டோம். அம்மா நன்றாக உறங்கினாள்.

மறுநாள் அங்கோலாவுக்கு முன்னால் ஷிரூர் என்ற இடத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். 2024-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, கனமழையில் அங்கே மலைச்சரிவு இடிந்து சாலைமேல் விழுந்தது. சாலையோரத் தேநீர்க் கடையும் வண்டிகளும் மண்ணோடு கங்காவளி ஆற்றில் தள்ளப்பட்டன, பலர் மாண்டனர். கேரளத்து லாரி ஓட்டுநர் ஒருவருடைய லாரி செப்டம்பர் மாதத்தில்தான் ஆற்றுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. அவர் உடலும் அதற்குள்ளேயே இருந்தது. அந்த இடத்தில் எங்கள் ஓட்டுநர் ஒரு கணம் கைகூப்பினார். நாங்கள் ஆறு நாள் வேடிக்கைக்காக வாழ்ந்த வாழ்க்கையை, நம் நாட்டில் எத்தனையோ ஓட்டுநர்கள் ஆண்டு முழுவதும் வாழ்கிறார்கள். லாரியே அவர்களுக்குப் படுக்கை. லாரியின் ஓரமே அடுப்பங்கரை. கழிவறையும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் அந்த வீட்டில் இல்லை.

கார்வாரில் பயணம் முடிந்தது. தாகூர் தம் இளமையில், அங்கே நீதிபதியாக இருந்த தமையனாரோடு தங்கிக் கவிதையில் தோய்ந்த கடற்கரை அது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. மாலையில் சூரியன் மறுபடியும் இறங்கிற்று. அம்மா இம்முறை அதை ஒரு பழகிய உறவினரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கடலை வாங்கிக் கொடுத்தாள்.

நேயர்களே, வீட்டு வண்டி நல்ல பொருள். அதில் செல்பவர்கள் தண்ணீரின் அருமையையும் இடத்தின் அருமையையும் கற்றுக்கொள்வார்கள். கழிவைக் கடலிலோ ஆற்றிலோ கொட்டாத ஒழுக்கத்தையும் கற்றுக்கொள்வார்களானால் கடற்கரைக்கும் தீங்கில்லை. ஆயினும் அதன் வாடகையைக் கொடுக்கக் கூடியவர்கள் சிலரே. கழிவறையைத் தம்மோடு எடுத்துச் செல்ல வல்லவர்கள்தாம் நிம்மதியாகப் பயணம் செய்ய முடியும் என்றால், மற்றவர்கள் தாகத்தோடு போக வேண்டும். அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பின்தங்க வேண்டும். சாலைகள் அகலமாகிவருகின்றன. பாலங்கள் நீளமாகிவருகின்றன. அவற்றின் ஓரத்தில், பூட்டில்லாத, துப்புரவான, நீர் வரும் ஒரு சிறு அறையும் சாலையின் பகுதியே என்று நாம் கருத வேண்டும். அதைக் கட்டுவது அரசின் கடமை. நடத்துவது நிலையத்தாரின் கடமை. அடுத்து வருபவருக்கு ஏற்றபடி விட்டுச் செல்வது நம் கடமை.

திரும்பும் வழியில், எல்லாப்பூர்க் காடுகளைக் கடந்து ஹூப்ளியை நெருங்கும்போது, அம்மா சாளரத்தின் வழியே எதிரே வந்த ஒரு பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அடுத்த தடவை இவ்வளவு பணம் செலவழிக்க வேண்டாம். பேருந்திலேயே போகலாம். போகலாம் இல்லையா?” என்று என்னைக் கேட்டாள்.

நான் இன்னும் அதற்குப் பதில் சொல்லவில்லை.